கொசுவின் வயிற்றில் இருந்த ரகசியம்

டாக்டர் ரொனால்டு ராஸ் வரலாறு

செகந்திராபாத்தில் ஒரு ராணுவ ஆஸ்பத்திரி. அங்கே ஒரு கட்டில். கட்டிலைச் சுற்றிக் கொசுவலை.

கொசுவலை எதற்கு? கொசு உள்ளே வராமல் இருப்பதற்கு. ஆனால், அந்தக் கொசுவலை அதற்காகக் கட்டப்பட்டது அல்ல. உள்ளே விட்ட கொசு வெளியே போய்விடாமல் இருப்பதற்காகக் கட்டப்பட்டது!

வலைக்குள் ஒரு மனிதர் படுத்து இருந்தார். அவர் பெயர் உசேன்கான். மலேரியா நோயாளி. வெள்ளைக்கார டாக்டர் ஒருவர் சீசாவைத் திறந்து, அதில் இருந்த கொசுக்களை வலைக்குள் விட்டார். கொசுக்கள் உசேன்கானைக் கடித்தன. அவர் விரட்டவில்லை. அடிக்கவும் இல்லை. பேசாமல் படுத்து இருந்தார்.

காரணம், கூலி! ஒரு கொசு கடித்தால் ஒரு அணா.

இது நடந்தது 1897-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 16-ந் தேதி. கொசுக்களை விட்ட டாக்டரின் பெயர் ரொனால்டு ராஸ். நாலு நாள் கழித்து, உலகம் அதுவரை அறியாத ஒரு ரகசியம் அவர் கண்ணில் பட்டது.

கெட்ட காற்று

மலேரியாக் காய்ச்சலைப் பற்றி நம் நாட்டில் யாருக்கும் சொல்லித் தரவேண்டியது இல்லை. முதலில் குளிர் எடுக்கும். எத்தனை கம்பளி போர்த்தினாலும் உடம்பு நடுங்கும். பல் கிட்டும். பிறகு நெருப்பாகக் கொதிக்கும். அப்புறம் வியர்த்துக் கொட்டி, காய்ச்சல் விட்டுவிடும். நோய் போய்விட்டது என்று எழுந்து உட்கார்ந்தால், ஒருநாள் விட்டு மறுநாள், அதே நேரத்துக்கு மீண்டும் குளிர் எடுக்கும். முறை வைத்து வருவதால் முறைக்காய்ச்சல் என்று பெயர்.

சிங்கோனா மரத்துப் பட்டையில் இருந்து எடுக்கும் கொய்னா இதற்கு மருந்து. நீலகிரி மலையில் சிங்கோனாத் தோட்டங்களைச் சர்க்காரே போட்டது. தபால் ஆபீசில் கொய்னாப் பொட்டலம் விற்ற காலமும் உண்டு.

ஆக, மருந்து தெரியும். ஆனால், நோய் எப்படி வருகிறது என்பது மட்டும் தெரியாது. சதுப்பு நிலங்களில் இருந்து கிளம்பும் கெட்ட காற்றுதான் காரணம் என்று ஐரோப்பாவில் நினைத்தார்கள். மலேரியா என்ற சொல்லுக்கே இத்தாலிய மொழியில் கெட்ட காற்று என்றுதான் பொருள். காற்றுக்குப் பயந்து ஜன்னலைச் சாத்திக்கொண்டு, வீட்டுக்குள் இருந்த கொசுவிடம் கடிபட்டவர்கள் எத்தனை ஆயிரம் பேரோ!

டாக்டர் ஆக விரும்பாதவர்

ரொனால்டு ராஸ் இமயமலை அடிவாரத்து அல்மோராவில் பிறந்தவர். பிறந்த தேதி 1857-ம் ஆண்டு மே மாதம் 13. மீரட்டில் சிப்பாய்கள் கிளர்ந்து எழுந்த மூன்றாம் நாள் அது. தந்தை, வெள்ளைக்காரப் படையில் அதிகாரி. பத்துப் பிள்ளைகளில் ராஸ் மூத்தவர்.

எட்டு வயதில் அவரைக் கப்பல் ஏற்றி இங்கிலாந்துக்கு அனுப்பிவிட்டார்கள். உறவினர் வீட்டில் வளர்ந்தார். படம் வரைவார். கவிதை எழுதுவார். இசையிலும் கணக்கிலும் ஆசை உண்டு. மருத்துவத்தில் மட்டும் ஆசை இல்லை!

மகன் டாக்டராகி, இந்திய ராணுவ மருத்துவ உத்தியோகத்துக்குப் போகவேண்டும் என்பது தந்தையின் விருப்பம். அந்தக் காலத்தில் தந்தை சொல்லுக்கு மறுப்பு ஏது? லண்டனில் ஒரு மருத்துவக் கல்லூரியில் ராஸ் சேர்ந்தார். பாடத்தைவிட இசைக்கும் நாடகம் எழுதுவதற்கும்தான் அதிக நேரம் போனது. ஒரு பரீட்சையில் தோற்றார். சில காலம் கப்பலில் டாக்டராக வேலை பார்த்தார். பிறகு அந்தப் பரீட்சையிலும் தேறி, 1881-ம் ஆண்டு ராணுவ மருத்துவ உத்தியோகத்தில் சேர்ந்தார்.

அவருக்குக் கிடைத்த இடம் சென்னை மாகாணம். சென்னை, பெங்களூர், விஜயநகரம், பர்மா, அந்தமான் என்று மாற்றி மாற்றி வேலை. ஆஸ்பத்திரியில் அதிக வேலை இல்லை. குதிரை ஏறினார். கதை எழுதினார். கணக்குப் புத்தகங்களை வரவழைத்து, தானே படித்தார். வெட்டிப் பொழுது போக்குகிறார் என்று நினைத்தவர்கள் உண்டு. அந்தக் கணக்கு பின்னால் எங்கே உதவியது என்பதைப் பிறகு பார்ப்போம்.

கவிழ்த்த தொட்டி

1883-ம் ஆண்டு பெங்களூரில் அவருக்கு ஒரு பங்களா கொடுத்தார்கள். இடம் அழகு. ஆனால், ஒரே கொசு! மற்ற அறைகளைவிட அவர் அறையில் அதிகம்.

ராஸ் சுற்றிப் பார்த்தார். ஜன்னலுக்கு வெளியே ஒரு தண்ணீர்த் தொட்டி இருந்தது. எட்டிப் பார்த்தால், தண்ணீரில் புழுக்கள் நெளிந்தன. தொட்டியைக் கவிழ்த்துவிட்டார். கொசு குறைந்துவிட்டது!

இதை ராணுவ அதிகாரி ஒருவரிடம் போய்ச் சொன்னார். அதிகாரிகளின் சாப்பாட்டு விடுதியிலும் தண்ணீர்த் தொட்டிகளைக் கவிழ்க்கலாமே என்று யோசனை கூறினார். அதிகாரிக்கு அது பிடிக்கவில்லை. கொசுவை ஆண்டவன் ஏதோ காரணத்துக்காகத்தான் படைத்திருக்கிறான், அதைப் பொறுத்துக்கொள்வதே நம் கடமை என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

கொசுவால் நோய் வரும் என்பது அப்போது ராசுக்கே தெரியாது. தேங்கிய தண்ணீரில் கொசு பிறக்கிறது, தண்ணீரைக் கொட்டினால் கொசு ஒழிகிறது என்பது மட்டும் அவர் மனதில் பதிந்தது.

லண்டனில் ஒரு குரு

1880-ம் ஆண்டு அல்ஜீரியாவில், லாவரான் என்ற பிரெஞ்சு ராணுவ டாக்டர் மலேரியா நோயாளி ஒருவரின் ரத்தத்தை மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். ரத்தத்தில் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் அசைந்தன. அவைதான் மலேரியாக் கிருமிகள். கிருமிக்குள் கரும்பொடி போன்ற துகள்கள் இருக்கும். இந்தக் கரும்பொடியை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ளவேண்டும்.

பலர் அதை நம்பவில்லை. ராசும் நம்பவில்லை. எத்தனையோ நோயாளிகளின் ரத்தத்தை அவர் பார்த்திருக்கிறார். ஒன்றும் தென்படவில்லை. லாவரான் சொல்வது தவறு என்றே முடிவு கட்டிவிட்டார்.

1894-ம் ஆண்டு லீவில் லண்டன் போனபோது, டாக்டர் பாட்ரிக் மான்சனைச் சந்தித்தார். மான்சன் பல ஆண்டுகள் சீனாவில் இருந்தவர். யானைக்கால் நோயை உண்டாக்கும் புழு, கொசுவின் உடம்பில் வளர்வதை 1877-ம் ஆண்டிலேயே கண்டவர். அவர் ராசை மைக்ராஸ்கோப்பின் முன்னால் உட்காரவைத்து, மலேரியாக் கிருமியைக் கண்முன் காட்டிவிட்டார். ராசின் சந்தேகம் தீர்ந்தது.

மலேரியாவுக்கும் கொசுதான் காரணமாக இருக்கவேண்டும் என்பது மான்சனின் எண்ணம். ஆனால், அதில் பாதி தவறு. நோயாளியின் ரத்தத்தைக் குடித்த கொசு தண்ணீரில் விழுந்து சாகிறது, கிருமி அந்தத் தண்ணீரில் கலக்கிறது, அதைக் குடிப்பவனுக்கு நோய் வருகிறது என்று அவர் நினைத்தார். கொசு ஒருதடவைதான் ரத்தம் குடிக்கும் என்பது அக்கால நம்பிக்கை!

இதைச் சோதித்துப் பார்க்கும் வேலை ராசிடம் வந்தது. 1895-ம் ஆண்டு அவர் மீண்டும் இந்தியாவுக்குக் கப்பல் ஏறினார். அன்று முதல் குருவுக்கும் சீடருக்கும் இடையே நூற்றுக்கு மேற்பட்ட கடிதங்கள் கடல் கடந்து போய்வந்தன.

இரண்டு ஆண்டுத் தோல்வி

செகந்திராபாத்தில் ராஸ் வேலையைத் தொடங்கினார். பகலில் பட்டாளத்து நோயாளிகளைக் கவனிப்பார். மீதி நேரமெல்லாம் கொசு! ஆராய்ச்சிக்கென்று தனிச் சம்பளம் கிடையாது. கொசுப் புழுக்களைப் பிடித்து வருவதற்கு ஆட்கள் வைத்துக்கொண்டார். அணாக் கணக்கில் அவர்களுக்குக் கூலி கொடுத்தார்.

முதலில் மான்சன் சொன்ன வழியைப் பின்பற்றினார். மலேரியா நோயாளியைக் கடித்த கொசுக்கள் செத்து மிதந்த தண்ணீரை, லட்சுமணன் என்ற வாலிபருக்குக் குடிக்கக் கொடுத்தார். இன்று எந்த டாக்டராவது இப்படிச் செய்தால் சிறைக்குப் போகவேண்டியதுதான். அந்தக் காலத்தில் கேட்பார் இல்லை. பதினோரு நாள் கழித்து லட்சுமணனுக்குக் காய்ச்சல் வந்தது. ராஸ் துள்ளிக் குதித்தார். ஆனால், காய்ச்சல் சீக்கிரமே விட்டுவிட்டது. அதே தண்ணீரைக் குடித்த மற்றவர்களில் பெரும்பாலோருக்கு ஒன்றுமே வரவில்லை.

பிறகு கொசுக்களை அறுத்துப் பார்க்கத் தொடங்கினார். கொசுவை அறுப்பதா என்று சிரிக்கவேண்டாம். ஊசி முனையால் அதன் வயிற்றைத் தனியே பிரித்து, கண்ணாடித் துண்டில் வைத்து, இம்மி இம்மியாகப் பார்க்கவேண்டும். ஒரு கொசுவுக்கு அரைமணி நேரம், ஒருமணி நேரம் பிடிக்கும். நூற்றுக்கணக்கான கொசுக்களை அறுத்தார். ஒன்றிலும் கிருமி வளரவில்லை!

ஏன்? அவர் பார்த்ததெல்லாம் சாம்பல் நிறக் கொசுவும் வரிக் கொசுவும். மலேரியாவைச் சுமக்கும் கொசு அவை அல்ல. இது அவருக்குத் தெரியாது. கொசுவில் இத்தனை ஜாதி உண்டு என்பதை விளக்கும் புத்தகம் கூட அவரிடம் இல்லை.

நடுவில் பெங்களூரில் காலரா பரவியது. நகரச் சுகாதார வேலைக்கு அவரை அனுப்பிவிட்டார்கள். ஆராய்ச்சி நின்றது.

1897-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் ஊட்டிக்கு வந்தார். மலை அடிவாரத்தில் சிகூர்ப் பகுதி, மலேரியாவுக்குப் பேர்போன இடம். அங்கே போய்ப் பார்த்தார். தண்ணீரில் எச்சரிக்கையாக இருந்தார். இரவில் கொசுவலைக்குள்தான் தூங்கினார். இருந்தும் அவருக்கே மலேரியாக் காய்ச்சல் வந்துவிட்டது! கொய்னா சாப்பிட்டுப் பிழைத்தார். அந்த இடத்தில், வாலைத் தூக்கிக்கொண்டு சுவரில் உட்காரும் ஒருவகைக் கொசுவை அவர் கவனித்து இருந்தார். அதன் இறக்கையில் புள்ளிகள் இருந்தன. அதற்கு மேல் அப்போது ஒன்றும் தோன்றவில்லை.

ஆகஸ்டு 20

மீண்டும் செகந்திராபாத். கோடைக் கொதிப்பு அடங்கவில்லை. ஆராய்ச்சி அறை அடுப்பு மாதிரி இருந்தது. பங்கா இழுக்கச் சொல்லலாம் என்றால் முடியாது. காற்று அடித்தால் அறுத்து வைத்த கொசு பறந்துவிடும்! நெற்றி வியர்வை சொட்டிச் சொட்டி, மைக்ராஸ்கோப்பின் திருகுகள் துருப்பிடித்துப் போயின. கண்ணாடியில் விரிசல் விழுந்து இருந்தது. கண்ணைச் சுற்றிச் சிறு ஈக்கள் மொய்த்தன. அவற்றை ஓட்டவும் கை ஒழியவில்லை.

ஆகஸ்டு மாத நடுவில், கொசு பிடிக்கும் ஆட்களில் ஒருவர் ஒரு சீசா கொண்டுவந்தார். அதில் புதுவகைப் புழுக்கள் நீந்தின. அவை கொசுவாக மாறியபோது பார்த்தால், பழுப்பு நிறம்! இறக்கையில் புள்ளி! வாலைத் தூக்கிக்கொண்டு உட்காரும் ரகம்!

இந்தக் கொசுக்களைத்தான் 16-ந் தேதி உசேன்கான் மேல் விட்டார். ஒவ்வொரு நாளும் ஒன்று இரண்டை எடுத்து அறுத்தார். ஒன்றும் இல்லை. சில கொசுக்கள் தாமாகவே செத்தன. 20-ந் தேதி காலையில் மிகச் சிலவே மிஞ்சி இருந்தன.

அன்றும் ஆஸ்பத்திரி வேலையை முடித்துவிட்டு உட்கார்ந்தார். கண் சோர்ந்து போயிருந்தது. ஒரு கொசுவை அறுத்தார். உடம்பு முழுவதும் தேடியாகிவிட்டது. வயிறு மட்டும் பாக்கி. விட்டுவிடலாமா என்று தோன்றியது. இதையும் பார்த்துவிடுவோம் என்று திருகைத் திருப்பினார்.

வயிற்றுச் சுவரில் வட்டமாக ஏதோ ஒன்று! பக்கத்தில் இன்னொன்று! ஏறத்தாழ ஒரு டஜன் வட்டங்கள். எந்தக் கொசு வயிற்றிலும் அவர் அதுவரை அப்படிப் பார்த்ததே இல்லை. ஒவ்வொரு வட்டத்துக்குள்ளும் கரும்பொடி! மனித ரத்தத்தில் மலேரியாக் கிருமிக்குள் இருக்கும் அதே கரும்பொடி!

அவற்றைப் படம் வரைந்து வைத்தார். களைப்பில் சிறிது தூங்கினார். விழித்ததும் ஒரு யோசனை வந்தது. இவை கிருமிகள் என்றால் வளரவேண்டும். நாளைக்குப் பார்த்தால் பெரிதாகி இருக்கவேண்டும்!

இரவு எப்படிக் கழிந்தது என்று சொல்லவேண்டியது இல்லை. உசேன்கானைக் கடித்த இன்னொரு கொசு உயிரோடு இருந்தது. மறுநாள் அதை அறுத்தார். அதே வட்டங்கள். முந்திய நாளைவிடப் பெரியவை!

ரகசியம் வெளிப்பட்டுவிட்டது. மனிதனின் ரத்தத்தில் இருந்து போன கிருமி, கொசுவின் வயிற்றில் உயிரோடு வளர்கிறது. அந்த மகிழ்ச்சியில் ராஸ் ஒரு கவிதை எழுதி, மனைவிக்குக் கடிதத்தில் அனுப்பினார். கண்டுபிடித்ததை எழுதி அனுப்ப, அந்த ஆண்டு டிசம்பரில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் வெளியிட்டது.

மாற்றல் உத்தரவு

இந்த நேரத்தில் சர்க்கார் செய்தது என்ன தெரியுமா? ராசை ராஜபுதனத்தில் உள்ள கெர்வாராவுக்கு மாற்றியது. மலேரியா மிகக் குறைவாக இருந்த ஊர்! பதக்கம் கொடுக்கவேண்டிய நேரத்தில் பெட்டி கட்டச் சொன்னார்கள். மலேரியா ஆராய்ச்சிக்காரருக்கு மலேரியா இல்லாத ஊர் எதற்கு என்று யாரும் கேட்கவில்லை.

லண்டனில் மான்சன் பல இடங்களில் சொல்லி முயன்றார். 1898-ம் ஆண்டு பிப்ரவரியில் ராஸ் கல்கத்தாவுக்கு மாற்றப்பட்டார். முதல் தடவையாக ஆராய்ச்சிக்கென்றே வேலை, ஆராய்ச்சிக்கென்றே ஒரு கூடம்.

ஆனால், அங்கேயும் தொல்லை. பிளேக் நோய்ப் பீதி ஊரைப் பிடித்து இருந்தது. ஊசி என்றாலே மக்கள் ஓடினார்கள். விரலில் ஒரு சொட்டு ரத்தம் எடுக்கக்கூட யாரும் கை நீட்டவில்லை.

ராஸ் பறவைகளிடம் போனார். சிட்டுக்குருவிக்கும் மலேரியா வரும்! நோயுள்ள குருவிகளைக் கொசுவலைக்குள் வைத்து, சாம்பல் நிறக் கொசுக்களை விட்டார். மனித மலேரியாவைச் சுமக்காத அந்தக் கொசுதான் குருவி மலேரியாவைச் சுமந்தது. வயிற்றுச் சுவரில் வட்டங்கள் நாளுக்கு நாள் பெருத்தன. பெருத்து, வெடித்தன. உள்ளே இருந்து நூல் போன்ற கிருமிகள் ஆயிரக்கணக்கில் சிதறின. அப்புறம் எங்கே போகின்றன?

1898-ம் ஆண்டு ஜூலை மாதம் விடை கிடைத்தது. கொசுவின் தலைப்பக்கத்தில் எச்சில் சுரக்கும் இடத்தில் அவை வந்து குவிந்து இருந்தன! கொசு கடிக்கும்போது முதலில் எச்சிலை உள்ளே விடும். அதோடு கிருமியும் போகிறது. தண்ணீர் மூலம் அல்ல, காற்று மூலம் அல்ல, கடி மூலம்தான் நோய் வருகிறது. அப்படிப்பட்ட கொசுக்களை ஆரோக்கியமான குருவிகள் மேல் விட்டார். சில நாளில் அவற்றின் ரத்தத்திலும் கிருமி!

இந்த வேலையில் அவருக்குத் துணையாக இருந்தவர்களில் முகமது பக்ஸ் ஒருவர். கிஷோரி மோகன் பந்தோபாத்யாயா என்ற வங்காளி இளைஞர் இன்னொருவர். கிஷோரி மோகனுக்கு 1903-ம் ஆண்டு எட்வர்டு மன்னரின் தங்கப் பதக்கம் கிடைத்தது. பாடப் புத்தகங்களில் இவர்கள் பெயரைத் தேடினாலும் கிடைப்பது அரிது.

அடுத்து மனிதனிடம் இதையே செய்து காட்டவேண்டும். அதற்குள் வேறு உத்தரவு! அசாமில் பரவிய காலா அசார் நோயை ஆராயும்படி ராசை அனுப்பிவிட்டார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள், இத்தாலியில் கிராசி என்ற விஞ்ஞானியும் அவருடைய நண்பர்களும் அதைச் செய்து காட்டிவிட்டார்கள். மனித மலேரியாவைப் பரப்புவது அனாபிலிஸ் என்ற கொசுவே என்று தெளிவாக நிலைநாட்டினார்கள். ராஸ் புள்ளி இறக்கைக் கொசு என்று மட்டும் சொல்லியிருந்த கொசுவும் அனாபிலிஸ்தான்.

பரிசும் சண்டையும்

1899-ம் ஆண்டு ராஸ் உத்தியோகத்தை விட்டு இங்கிலாந்து போனார். லிவர்பூல் நகரில் வெப்பநாட்டு நோய்களுக்கான பள்ளியில் ஆசிரியரானார். 1902-ம் ஆண்டு மருத்துவத்துக்கான நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. அந்தப் பரிசு ஏற்பட்ட இரண்டாவது ஆண்டு அது. கிருமியைக் கண்ட லாவரானுக்கு 1907-ம் ஆண்டு கிடைத்தது. கிராசிக்குக் கிடைக்கவே இல்லை.

முதலில் கண்டவர் யார் என்று ராசுக்கும் கிராசிக்கும் பெரிய சண்டை. ராஸ் சாகும்வரை அது ஓயவில்லை. கிராசி தன் வேலையைத் திருடிவிட்டார் என்றே ராஸ் எழுதி வந்தார். அது நியாயம் என்று சொல்ல முடியாது. கிராசி செய்த வேலையும் பெரிய வேலைதான். வழிகாட்டிய குரு மான்சனோடு கூடப் பின்னாளில் மனக்கசப்பு ஏற்பட்டு, வழக்குப் போடுவதாக மிரட்டும் அளவுக்குப் போனது. ராசுக்கு அறிவு எவ்வளவு உண்டோ, அவ்வளவு கோபமும் உண்டு.

பணக்கஷ்டமும் இருந்தது. அம்மை குத்தும் முறையைக் கண்ட ஜென்னருக்குப் பிரிட்டிஷ் பார்லிமெண்டு 30 ஆயிரம் பவுன் கொடுத்தது. தனக்கும் அப்படி ஏதாவது தரவேண்டும் என்று ராஸ் சர்க்காரிடம் கேட்டார். கிடைக்கவில்லை. 1928-ம் ஆண்டு தன் கடிதங்களையும் ஆராய்ச்சிக் குறிப்புகளையும் 2 ஆயிரம் பவுனுக்கு ஒரு சீமாட்டிக்கு விற்றார்.

1914-ம் ஆண்டு முதல் உலக யுத்தம் தொடங்கிய மாதமே, அவருடைய மூத்த மகன் பிரான்சில் போர்க்களத்தில் மாண்டார். 

கணக்கு உதவியது

கண்டுபிடித்ததோடு ராஸ் நிற்கவில்லை. கொசுவை ஒழிக்க ஊர் ஊராகப் போனார். ஆப்பிரிக்காவில் சியரா லியோன் சென்றார். சூயஸ் கால்வாய்க் கரையில் இஸ்மேலியா என்ற ஊரில், குட்டைகளைத் தூர்த்து, தேங்கிய நீரில் எண்ணெய் ஊற்றச் செய்தார். 1902-ல் ஆயிரத்துக்கு மேல் இருந்த மலேரியா நோயாளிகள், 1905-ல் நூற்றுக்கும் கீழே குறைந்துவிட்டார்கள். பனாமாக் கால்வாய் வெட்டியபோது அமெரிக்கர்களும் இந்த முறையைக் கையாண்டார்கள். பிரெஞ்சுக்காரர்கள் நோய்க்கு ஆயிரக்கணக்கில் பலியாகிக் கைவிட்ட கால்வாய் அது. 1914-ல் திறக்கப்பட்டது.

உலகத்துக் கொசுவையெல்லாம் ஒழிக்க முடியுமா என்று பலர் கேலி செய்தார்கள். ராஸ் கணக்குப் போட்டுப் பதில் கொடுத்தார். ஒரு நோயாளியைக் கடித்த கொசு, கிருமி வளரும்வரை உயிரோடு இருக்கவேண்டும். பிறகு இன்னொருவரைக் கடிக்கவேண்டும். கொசுவின் தொகை ஒரு அளவுக்குக் கீழே போய்விட்டால், புதிதாக நோய் வருகிறவர்களைவிடக் குணமாகிறவர்கள் அதிகமாவார்கள். நோய் தானாகத் தேய்ந்து மறையும். ஆகவே எல்லாக் கொசுவையும் கொல்லவேண்டியது இல்லை. 1911-ம் ஆண்டு வெளிவந்த புத்தகத்தில் இதை விளக்கினார். தொற்றுநோய் பரவுவதைக் கணக்கால் அளக்கும் இன்றைய முறைக்கு அஸ்திவாரம் போட்டவர்களில் அவர் ஒருவர். கொரோனாக் காலத்தில் ஒரு நோயாளி எத்தனை பேருக்குத் தொற்றுகிறார் என்று தினமும் கணக்குச் சொன்னார்களே, அந்தக் கணக்கும் இந்த வழியில் வந்ததுதான்.

கடைசி நாட்கள்

1926-ம் ஆண்டு லண்டன் பட்னியில் அவர் பெயரால் ஒரு ஆராய்ச்சி நிலையமும் ஆஸ்பத்திரியும் ஏற்பட்டன. 1927-ம் ஆண்டு ஜனவரி மாதம் அவர் கல்கத்தாவுக்கு வந்தார். அவர் வேலை செய்த ஆஸ்பத்திரியின் மதிலில் ஞாபகச் சின்னம் திறந்துவைத்தார்கள். செகந்திராபாத்தில் எழுதிய கவிதையின் வரிகள் அதில் பொறிக்கப்பட்டு இருக்கின்றன.

அதே ஆண்டு பக்கவாதம் தாக்கியது. 1931-ம் ஆண்டு மனைவி காலமானார். 1932-ம் ஆண்டு செப்டம்பர் 16-ந் தேதி, தன் பெயரால் ஏற்பட்ட ஆஸ்பத்திரியிலேயே ராஸ் காலமானார். வயது 75.

மலேரியா அவரோடு போகவில்லை. டி.டி.டி. என்ற கொசுக்கொல்லி மருந்து வந்தபோது, இனி மலேரியா ஒழிந்தது என்று எல்லோரும் நினைத்தார்கள். இந்தியாவில் 1953-ம் ஆண்டு வீடு வீடாக மருந்து அடிக்கும் திட்டம் தொடங்கியது. 1965 வாக்கில் நோயாளிகள் ஒரு லட்சமாகக் குறைந்தார்கள். பிறகு கொசு மருந்துக்குப் பழகிக்கொண்டது, மனிதர்களும் அசட்டையானார்கள். 1976-ல் நோயாளிகள் 64 லட்சத்தைத் தாண்டிவிட்டார்கள். இலங்கையில் 1963-ம் ஆண்டு 17 பேருக்கு மட்டுமே நோய் இருந்தது. மருந்து அடிப்பதை நிறுத்தினார்கள். சில ஆண்டுகளில் லட்சக்கணக்கான பேரை அது மீண்டும் பிடித்தது. விடாமல் பாடுபட்டு, 2016-ம் ஆண்டுதான் மலேரியா இல்லாத நாடு என்று இலங்கை பெயர் வாங்கியது.

சென்னை போன்ற நகரங்களில் மலேரியாவைப் பரப்பும் அனாபிலிஸ் வகை ஒன்று, சாக்கடையில் பிறப்பதில்லை. கிணற்றிலும், மூடி இல்லாத மாடித் தண்ணீர்த் தொட்டியிலும், சுத்தமான தண்ணீரில் பிறக்கிறது.

2023-ம் ஆண்டில் உலகம் முழுவதும் 26 கோடிக்கு மேற்பட்டவர்களுக்கு மலேரியா வந்தது. ஏறத்தாழ 6 லட்சம் பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் ஆப்பிரிக்காவில் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள். அந்தக் குழந்தைகளுக்குப் போட இப்போது தடுப்பூசி வந்திருக்கிறது. ஒன்றை 2021-லும், இன்னொன்றை 2023-லும் உலக சுகாதார நிறுவனம் ஏற்றுக்கொண்டது. இரண்டாவது ஊசி இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டில் உருவானது, தயாராவது புனாவில். கொசுவின் எச்சிலோடு உடம்புக்குள் வரும் கிருமியை அடையாளம் கண்டு தாக்க, இந்த ஊசிகள் உடம்பைப் பழக்குகின்றன. 1898 ஜூலையில், கல்கத்தாவில், கொசுவின் தலைப்பக்கத்தில் ராஸ் பார்த்த அந்த நூல் போன்ற கிருமிதான் அது.